பூஜ்ய வரி

ஊருக்குக் கிளம்பிய ஸ்காட்லாந்துக்காரரிடம்
பன்னிரண்டு தினாருக்கு வாங்கினேன்,
ரப்பர் சாவி வைத்த ஸ்பெக்ட்ரம்.
குதைபியாவில் அறை. நான்கு கட்டில், ஒரு டிவி.
செய்திக்கும் மல்யுத்தத்துக்கும் நடுவே
எனக்கு நாற்பது நிமிடம்.

முதலில் கற்றது 23609.
அங்கே நூறு வைத்தால்
ஒவ்வொரு சாவியும் தவளையாய்க் கத்தும்.
ஐசக் தலையணையை எறிந்தான்.
பிறகு 23692. அதில் 255 வைத்தால்
'உருட்டவா?' என்று திரை கேட்காது,
நிற்காமல் ஓடும்.
16384க்குக் கீழே எதை வைத்தாலும்
பிழை என்று சொல்லாது.
வைத்ததும் அங்கே இருக்காது.
ஆபீஸில் விடுப்பு மனு கொடுத்துப் பழகியவனுக்கு
இதில் புதிதாய் ஒன்றுமில்லை.

பீக் என்றால் எட்டிப் பார்ப்பது.
போக் என்றால் வைப்பது.
வைக்கிறபோது முன்பிருந்தது போய்விடும்.
தமிழ்க் காதுக்குப் பொருத்தமான பெயர்தான்.

நெய்னா முகம்மது,
ஏசி உதிரிபாகக் கிடங்கு.
எண்ணூற்றுச் சொச்சம் சாமான்,
நோட்டு கிடையாது.
"கெப்பாசிட்டர் முப்பத்தஞ்சு?"
"பதினேழாம் ராக்கு, மூணாந்தட்டு,
பெரிய பெல்ட்டுக்குப் பின்னாடி.
நாலு கிடக்கு. ஒண்ணு பழுது."
படுத்திருந்தால் கண்ணைக்கூடத் திறக்க மாட்டார்.

இதை புரோகிராமாக எழுதினால் என்ன
என்று கேட்டவன் நான்தான்.
பதினோரு வெள்ளிக்கிழமை.
அவர் சொல்ல, நான் தட்ட,
சுலைமானி ஆறிக்கொண்டிருக்கும்.
கரண்ட் போய் இரண்டு வெள்ளி வீண்.
மறுபடி முதலிலிருந்து சொன்னார்.
ஓர் எண்கூட மாறவில்லை.

கூலியாகக் கேட்டது இவ்வளவுதான்:
"எம் பேரு தமிழ்ல வருமா இதுல?"

எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் ஓர் எழுத்து.
நினைவகத்தின் கடைசி நூற்று அறுபத்தெட்டு வீடுகளில்
இருபத்தோரு எழுத்து குடியிருக்கலாம்.
நம்மிடம் இருநூற்று நாற்பத்தேழு.
அவருக்கு வேண்டியது ஐந்து:
கொம்பு, ந, புள்ளி வைத்த ய, ன, கால்.
கடைசி எழுத்தைப் பழைய சுழியோடு கேட்டார்.
"கால் போட்டா அது வேற ஆளு."
மூன்று ராத்திரி வளைத்துப் பார்த்தேன்.
சுழி எட்டுப் புள்ளிக்குள் அடங்கவில்லை.
"சரி, காலே இருக்கட்டும்" என்றார்.

பிப்ரவரியில் கேசட்டை ஆபீஸில் கொடுத்தேன்.
ஏப்ரலில் நெய்னாவின் விசாவை
அவர்கள் புதுப்பிக்கவில்லை.
"அதான் சிஸ்டம் வந்துடுச்சே" என்றார் மேனேஜர்.
எனக்குச் சம்பளத்தில் ஐந்து தினார் கூட்டினார்கள்.
வரியில்லாத ஊர்.
ஐந்தும் முழுசாய்க் கைக்கு வந்தது.

அவர் விமானம் ஏறிய இரவு
பத்தாம் வரியில் அந்த ஐந்து எழுத்தை இட்டு
23756இல் பூஜ்யம் வைத்தேன்.
பத்தாம் வரி பூஜ்ய வரி ஆனது.
அதைத் திருத்த முடியாது,
அழிக்க முடியாது.
திரும்ப அங்கே பத்து என்று வைத்தால் போதும்,
மற்ற வரிபோல் ஆகிவிடும்.
இதை யாரிடமும் சொல்லவில்லை.

எழுத்துகள் கேசட்டின் மறுபக்கத்தில்.
அதை ஏற்ற ஆபீஸில் பொறுமையில்லை,
அது இல்லாமலும் புரோகிராம் ஓடும்.
ஏற்றாவிட்டால்
கொம்பு இருந்த இடத்தில் ஏ,
அப்புறம் பி, சி, டி,
கால் இருந்த இடத்தில் இ.

"இது என்னய்யா, ஏ பி சி டி இ?"
"சும்மா, சார்."
"எடுத்துடு."
"போகாது, சார்."
அவரே மூன்று தரம் தட்டிப் பார்த்தார்.
மெஷின் மறுத்தது.
அப்புறம் அதை அவர் படிப்பதில்லை.

நேற்று முஹர்ரக்கிலிருந்து ஒருவர்
கெப்பாசிட்டரைத் திருப்பிக் கொண்டுவந்தார்.
முப்பத்தைந்து.
திரையில் பார்த்தேன்: ராக் 17, தட்டு 3, இருப்பு 4.

பழுதுக்கென்று
நான் கட்டம் போட்டிருக்கவில்லை.